இராவணன் எந்தப் பக்கம் பார்த்து ஆடுவான்?

சுற்றிவரச் சனம் உட்கார்ந்திருக்கும் வட்டக்களரியில் ஆடுகிற கூத்தருக்குச் சனம் இல்லாத பக்கம் என்று ஒன்று கிடையாது. கிழக்கே இருப்பவருக்கு முதுகு தெரியும் நேரத்தில் மேற்கே இருப்பவருக்கு முகம் தெரியும். ஒரு தருப் பாட்டு முடிவதற்குள் இரண்டும் இடம் மாறிவிடும். எட்டு, வீசாணம், நாலடி, பொடியடி என்று கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் சொல்லித்தரும் ஆட்டங்கள் எல்லாம் அந்த வட்டத்துக்குள் பிறந்தவை. அதே ஆட்டத்தை, மூன்று பக்கமும் அடைத்து ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் மண்டப மேடைக்குக் கொண்டுபோனால் முதலில் எழும் சிக்கல் மிகச் சாதாரணமானது. கொலுவுக்கு வரும் இராவணன் எந்தப் பக்கம் பார்த்து ஆடுவான்?

பேராசிரியர் சி. மௌனகுருவின் அறுபது ஆண்டு அரங்க வாழ்க்கையை இந்தக் கேள்வியின் வழியாகவே பார்க்க விரும்புகிறேன். மட்டக்களப்பில் அவரைப் பற்றி மலர்க் கட்டுரை எழுதுவது எளிது. நடிகர், நெறியாளர், நாடகாசிரியர், ஆய்வாளர், பேராசிரியர் என்று அடுக்கி ஒரு பொன்னாடையோடு முடித்துவிடலாம். நான் பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறவன். அவர் செய்த வேலையின் பயனையும் அதன் பின்விளைவையும் தவணைக்குத் தவணை வகுப்பறையில் சந்திக்கிறேன். எனவே என் கண்ணுக்கு அவருடைய வாழ்க்கை ஆராய வேண்டிய ஒரு நிகழ்வாகத்தான் தெரிகிறது. விடிய விடிய ஆடும் கூத்தை ஒருவர் மேடைக்குக் கொண்டுபோகிறார், பாடப்புத்தகத்துக்குக் கொண்டுபோகிறார், பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகிறார். ஒவ்வோர் இடத்திலும் எது கூடவே போனது, எது களரியிலேயே தங்கிவிட்டது?

சுருக்கியவர்கள்

மௌனகுரு 1943இல் அமிர்தகழியில் பிறந்தவர். மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தில் படித்தார். அந்தக் காலத்து மட்டக்களப்பில் கூத்து என்பது ஒரு நாள் நிகழ்ச்சி அன்று. அண்ணாவியாரை அழைத்து ஆள் தெரிவார்கள். அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டையும் வசனத்தையும் எழுதிச் சட்டம் கொடுப்பார்கள். இரவுகளில் பழக்கம் நடக்கும். கால் ஓரளவு பிடிபட்ட பிறகு சதங்கை கட்டுவார்கள். அப்புறம் கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். அரங்கேறிய பிறகும் வீட்டுக்கு வீடு ஆடுவதுண்டு. ஊர் முழுவதும் பல மாதம் இதற்குள்ளேயே கிடக்கும். அரங்கேற்றத்தன்று பிள்ளைகள் பாயில் தூங்கி எழும்பும்போதும் அருச்சுனன் ஆடிக்கொண்டிருப்பான்.

இந்தப் பழக்கத்தின் வாசனையோடு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்களில் ஒருவர் மௌனகுரு. 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' நாடகம் சிங்கள அரங்கைப் புரட்டிப்போட்டிருந்தது. நாடகம என்ற பழைய நாட்டார் வடிவத்திலிருந்து நவீன மேடைக்கு ஒரு மொழியை எடுக்க முடியும் என்பதை அது காட்டியது. அதே பேராதனையில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், தமிழுக்கு அந்த மொழி மட்டக்களப்புக் கூத்தில் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', அதன் பிறகு 'வாலிவதை' என்று அவருடைய தயாரிப்புகள் வந்தன. மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணிகள் உண்டு; தென்மோடிக் கூத்தான 'அலங்கார ரூபன்' நாடகத்தைப் பதிப்பித்து அச்சுக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

அங்கே என்ன செய்தார்கள் என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்காலத்துச் சண்டைகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஓரிரவுக் கூத்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. ஒரே பாட்டைப் பிற்பாட்டுக்காரர் திரும்பத் திரும்ப எடுப்பது குறைக்கப்பட்டது. ஒவ்வொரு பாத்திரமும் வரவுக்கு நெடுநேரம் ஆடிக் களைத்த பிறகே கதைக்குள் நுழையும் முறை சுருங்கியது. களரியில் எல்லோருக்கும் ஒரே வெளிச்சம். மேடையில் ஒளி, யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கியது. வட்டம் அரைவட்டமானது. மத்தளமும் சல்லாரி என்ற கைத்தாளமும் தாளக்கட்டும் வடமோடியின் வேகமும் தங்கின.

ஆட்டத்தைப் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பேராதனைக் கதையைச் சொல்பவர்கள் பேராசிரியரை முன்னால் நிறுத்தி அண்ணாவியாரை அடிக்குறிப்பில் வைப்பது வழக்கம். இது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. மத்தளத்தோடு ஒரு அண்ணாவியார் பல்கலைக்கழகத்துக்குள் ஆசிரியராக நுழைந்தார் என்பது சின்ன விடயம் அன்று. 'நாட்டுக்கூத்து' என்று சொல்லும்போதே உதட்டைச் சுழித்த படித்த கூட்டம் ஒன்று அன்று இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் இடத்தில் அவர் சொல்லிக்கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. எதைக் குறைக்கலாம், எதைக் குறைத்தால் ஆட்டம் செத்துப்போகும் என்பது அண்ணாவியாருக்குத் தெரியும். மௌனகுரு போல மட்டக்களப்பிலிருந்து போன மாணவர்களுக்கும் முழுக் கூத்தின் சுவை தெரியும். அவர்கள் சுருக்கிய ஒவ்வோர் இடத்திலும், சுருக்கப்பட்டது என்னவென்ற நினைவு ஆடுபவரின் உடம்பில் இருந்தது. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இராவணேசன், முதல் தடவை

மாணவராக இருந்த மௌனகுரு இராவணனாக ஆடியது 'இராவணேசன்' நாடகத்தில். எழுத்திலும் அவர் கை இருந்தது. கதை இராமன் பக்கம் நிற்காமல், தம்பியையும் மகனையும் களத்தில் இழந்து கடைசிப் போருக்குப் புறப்படும் இராவணன் பக்கம் நின்றது.

வடமோடிக்கு இது புதிது. வடமோடியில் அரசன் அரசனாகவே வருவான். அவன் வீரம் ஆட்டத்தில் தெரியும், அவன் மனம் தனியாகத் தெரிய வேண்டியதில்லை. இங்கே அதே ஆட்டத்தைக் கொண்டு ஒருவனின் தடுமாற்றத்தைக் காட்ட வேண்டியிருந்தது. முன்னால் கேட்ட கேள்விக்கு விடை இங்கே ஓரளவு கிடைக்கிறது. மேடையின் முன்பக்கத்தைப் பார்த்து ஆடும்போது இராவணன் அரசன். சுழன்று முதுகைக் காட்டும்போது அவன் தனி ஆள். களரியில் முதுகுக்கு அர்த்தம் ஏதும் இல்லை. மேடையில் அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. படச்சட்ட மேடை கூத்திடமிருந்து வட்டத்தைப் பறித்தது என்பதை மறுக்க முடியாது. கைமாறாக அது கொடுத்தது இதைத்தான். விலை சரியா தவறா என்று இன்றுவரை தர்க்கிக்கிறோம்.

1960களின் முடிவில் வந்த 'சங்காரம்' இன்னொரு வழியில் போனது. பழைய கூத்தில் அசுரரை அழிக்கத் தெய்வம் வரும். இவர் எழுதிய வடமோடியில் சாதி, இனம், வர்க்கம் என்பன அரக்கர்களாக வந்து ஆடின. அவற்றைச் சங்காரம் செய்ய உழைக்கும் மக்கள் வந்தார்கள். அந்தக் காலத்து இடதுசாரி உற்சாகம் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. இன்று வாசித்தால் சில இடங்களில் கோஷம் மேலோங்குவதாக என் மாணவர்கள் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. ஆனால் அரக்கன் வரவுக்குரிய தாளக்கட்டில் சாதி அரக்கன் குதித்து வரும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காருவதையும் பார்த்திருக்கிறேன். வடிவம் கருத்தைத் தூக்கிக்கொண்டு போகும் இடம் அது.

ஆசிரியர்

இடையில் உள்ள ஆண்டுகளை விரைவாகக் கடக்கிறேன். பாடசாலையில் கற்பித்தார், பாடவிதானப் பணியில் இருந்தார், 1979இல் சித்திரலேகா மௌனகுரு, எம்.ஏ. நுஃமான் ஆகியோருடன் சேர்ந்து ஈழத்துத் தமிழ் இலக்கியத்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதினார். 1980களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அங்கே குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியைச் சுற்றி ஒரு பெரும் அரங்க அலை எழுந்திருந்தது. பெண்ணின் நிலை பேசிய மௌனகுருவின் 'சக்தி பிறக்குது', சிறுவர்களுக்கான 'தப்பி வந்த தாடி ஆடு' ஆகியவை அந்தக் காலத்தவை. தாடி ஆட்டை எங்கள் பகுதிப் பாடசாலைகளில் இன்றும் ஆடுகிறார்கள்.

அவருடைய எழுத்துகளில் எனக்கு அதிகம் உதவியது மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிய ஆய்வு. கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த அந்த வேலை 1998இல் நூலாக வந்தது. கோயில் சடங்கிலிருந்து பறைமேளக் கூத்து, மகுடி, வசந்தன், வடமோடி, தென்மோடி, விலாசம் வரை ஒரே நிலத்தில் எத்தனை அரங்குகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன என்று அது காட்டுகிறது. அவற்றுக்குப் பின்னால் எந்தச் சமூகம், எந்தக் கட்டுப்பாடு, யாருக்கு எந்த உரிமை என்பதையும் சேர்த்தே பேசுகிறது. கூத்தைக் கிராமத்து அழகாக மட்டும் வருணிக்கும் எழுத்துக்கு நடுவில் இது வேறு மாதிரி. நூலைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது: மேடையில் கூத்தைச் சுருக்கிய அதே ஆள், காகிதத்தில் அதன் முழு நீளத்தையும் பதிந்துவைத்திருக்கிறார்.

வந்தாறுமூலைக்குத் திரும்புதல்

1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் வளாகத்தில். 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. சிறுவனாகப் படித்த அதே இடத்துக்கு, 1990களின் தொடக்கத்தில், மௌனகுரு நுண்கலையைக் கட்டியெழுப்ப வந்தார்.

அவர் வந்த வளாகம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1990இல் போருக்கு அஞ்சிய ஆயிரக்கணக்கான மக்கள் அங்கே தஞ்சமடைந்திருந்தார்கள். செப்டெம்பர் 5 அன்று படையினர் அவர்களில் 158 பேரைப் பிடித்துச் சென்றார்கள். போனவர்கள் திரும்பவில்லை. அந்த வளாகத்தின் விரிவுரை மண்டபங்களில் உட்கார்ந்தவர்களில் தந்தையையோ அண்ணனையோ அப்படி இழந்த வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். உடம்பை அசைத்துப் பழகு, குரலை உயர்த்து என்று அவர்களிடம் சொல்வது வேறெங்கும் சொல்வது போலிருக்காது. மாலை மங்குவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டிய காலத்தில் ஒத்திகைக்கு நேரம் எங்கே கிடைக்கும்? ஒத்திகையைப் பகலில் பார்த்தார்கள். விடிய விடிய ஆடிய கூத்துகள் பல ஊர்களில் நின்றுபோனதற்கு முதல் காரணமாக நவீன மேடையைச் சொல்ல எனக்கு மனம் வராததும் இதனால்தான். இரவு எங்கள் கையில் இருக்கவில்லை.

அந்தச் சூழலில்தான் உலக நாடக தின விழாக்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நடந்தன. இன்னியம் என்ற வரவேற்பு வாத்திய அணியும் பிறந்தது. விருந்தாளி வந்தால் பாண்டு வாத்தியம் வாசித்து அழைத்துவருவது எங்கள் பாடசாலைகளின் பழைய பழக்கம். வெள்ளைக்காரன் போனாலும் அவன் குழல் போகவில்லை. அதற்குப் பதிலாகப் பறையும் மத்தளமும் உடுக்கும் சங்கும் முழங்க, கூத்து உடையின் சாயலில் உடுத்த மாணவர் அணி ஆடிக்கொண்டு முன்னால் நடந்தது. பறையை எந்த வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தோமோ, அந்த வாசல் வழியாகவே அது விருந்தாளியை அழைத்துக்கொண்டு உள்ளே போனது. வாதப் பிரதிவாதம் இல்லாமல் இல்லை. ஆனால் இன்று மட்டக்களப்பில் எத்தனையோ நிகழ்ச்சிகளில் இன்னிய பாணி வரவேற்பைப் பார்க்கிறோம். நகலெடுத்த பலருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. அதை அதன் வெற்றி என்றுதான் சொல்வேன்.

இராவணேசன், மறுபடியும்

2000களில் கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு அவர் 'இராவணேசனை' மீண்டும் மேடையேற்றினார். அப்போது மண்டோதரிக்கு இடம் விரிந்திருந்தது. 1964இன் இராவணனின் வீரம் பார்வையாளரைக் கவர்ந்திருக்கும். நாற்பது ஆண்டுக்குப் பிறகு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புகைப்படத்துக்கு மாலை போட்டிருந்த ஊரில், அதே வீரத்தை அப்படியே வைத்துவிட முடியாது. போருக்குப் புறப்படுகிறவனை நிறுத்திக் கேள்வி கேட்கும் பெண் குரல் தேவைப்பட்டது.

ஒரு நெறியாளர் தன் இளமைக்கால வெற்றியை முதுமையில் மீண்டும் எடுக்கும்போது பெரும்பாலும் அது ஞாபகார்த்தமாகவே முடியும். பழைய உடை, பழைய பாட்டு, பழைய கைதட்டல். இங்கே அப்படி நடக்கவில்லை. ஆட்டமுறை ஏறத்தாழ அதுதான், தாளக்கட்டும் அதுதான், நாடகம் வேறாகிவிட்டது. 2008இல் ஓய்வு பெற்ற பிறகும் மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடம் ஒன்றை அமைத்து இளையவர்களோடு இந்த வேலையைத் தொடர்ந்தார்.

எதிர்க்குரல்

இந்த ஆய்வை இத்துடன் முடித்தால் பாராட்டு மடலாகிவிடும். வலுவான எதிர்க்குரல் வெளியிலிருந்து வரவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி. ஜெயசங்கரிடமிருந்து வந்தது. கூத்தைச் செம்மைப்படுத்த வேண்டும் என்ற எண்ணமே காலனியக் கண்ணாடி போட்டுப் பார்த்ததன் விளைவு என்பது அவர் தரப்பு. கூத்து ஒரு சமூகத்தின் அரங்கு. ஆடுபவர், பாடுபவர், பார்ப்பவர், உடை கட்டுபவர் எல்லோரும் சேர்ந்ததுதான் கூத்து. அதிலிருந்து ஆட்டத்தையும் பாட்டையும் மட்டும் பெயர்த்து நகர மேடைக்குக் கொண்டுபோனால் சமூகம் பார்வையாளராகக் கூட மிஞ்சாது. கூத்தில் உள்ள சாதி, பால் ஏற்றத்தாழ்வுகளை மாற்ற வேண்டுமானால் அந்தக் களரியிலேயே, அந்தக் கூத்தர்களோடு பேசி, அவர்கள் கையாலேயே மாற்ற வேண்டும். சீலாமுனை என்ற ஊரில் அவர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் இந்த வழியில் நடந்தது.

இரண்டு தரப்பின் எழுத்தையும் வாசித்து, ஆட்டங்களையும் பார்த்த பிறகு என் கருத்து இது. ஜெயசங்கரின் விமர்சனம் பேராதனைக் காலத்தை விட, அதன் பேரப்பிள்ளைகளான எங்களுக்கு அதிகம் பொருந்துகிறது.

ஏன் என்பதற்கு எங்கள் பாடசாலையே சாட்சி. தமிழ்மொழித் தினப் போட்டியில் நாட்டுக்கூத்து ஒரு போட்டி நிகழ்ச்சி. மேடைக்கு எதிரே நடுவர்கள், கையில் மணிக்கூடு. நேரம் தாண்டினால் புள்ளி போகும். ஆகவே நாங்கள் என்ன செய்கிறோம்? எங்கிருந்தோ கிடைத்த ஒரு பதிவைப் பார்த்து, வரவு ஒன்று, தர்க்கம் ஒன்று, சண்டை ஒன்று என்று வெட்டி ஒட்டுகிறோம். எல்லோரும் நடுவரைப் பார்த்தே ஆடுகிறார்கள். உடை பளபளக்கிறது. ஓர் ஆண்டு எங்கள் அணி மாகாண மட்டம் வரை போனது. வென்ற பிள்ளைகளில் ஒருவருக்கும் தான் ஆடிய பாத்திரத்தின் முழுக் கதை தெரியாது. பழக்கிய எனக்கும் அந்தக் கூத்தின் பாதிப் பாட்டு தெரியாது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பேராதனையில் சுருக்கியவர்களின் உடம்பில் முழுக் கூத்து இருந்தது என்று முன்னால் சொன்னேன். எங்களிடம் இருப்பது சுருக்கம் மட்டும். நாங்கள் அதிலிருந்து மேலும் சுருக்குகிறோம். ஒரு கொப்பியைப் பார்த்து எழுதிய கொப்பியைப் பார்த்து எழுதுவது போல. மௌனகுரு மேடைக்காக வெட்டியதைப் பிடித்துக்கொண்ட நாங்கள், அதே மௌனகுரு ஊர் ஊராகப் பார்த்து எழுதிவைத்ததைப் பரீட்சை வினாவிடையாக மட்டும் மாற்றிவிட்டோம். அவருடைய வேலையின் இரண்டு பாதியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்ட குற்றம் அவருடையது அன்று.

கடந்த ஆண்டு போட்டி முடிந்து, கவசமும் கிரீடமும் வாடகைக்காரரிடம் போய்ச் சேர்ந்த பிறகு, இராவணனாக ஆடிய மாணவன் வந்து கேட்டான்: "சேர், இதன் மிச்சத்தை யாரிடம் படிக்கலாம்?" ஒரு சனிக்கிழமை அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலம் தாண்டி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த அண்ணாவியார் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், வயல் வேலையும் உண்டு.

"எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று கேட்டார்.

பையன் மணிக்கூட்டைப் பார்த்தான். "பின்னேரம் வரைக்கும் நிற்கலாம், அண்ணாவியார்."

"அதைக் கேட்கவில்லை, மனே. எத்தனை மாதம் வருவாய்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வேலியைப் பார்த்தேன். அண்ணாவியார் சிரித்துக்கொண்டு மத்தளத்தை எடுத்துவந்து முற்றத்தில் உட்கார்ந்து, வரவை ஆடிக் காட்டச் சொன்னார். பையன் நன்றாகவே ஆடினான். ஆனால் முழு நேரமும் நான் நின்ற பக்கத்தைப் பார்த்தே ஆடினான். நான்தானே எப்போதும் அவனுக்கு நடுவர். அண்ணாவியார் தாளத்தை நிறுத்தாமல், குசினி வாசலில் நின்ற மனைவியையும் பேத்தியையும் கண்ணால் கூப்பிட்டு அவனுக்குப் பின்னால் மண்ணில் உட்காரவைத்தார்.

"அங்கேயும் சனம் இருக்கிறது, மனே. திரும்பு."

திரும்பினான். திரும்பிய இடத்தில் கால் பிசகியது. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.